வயிறு நிறைந்தால் போதுமா?

உழவர் ஒருவரிடம் அவருடைய நிலத்தைப் பற்றிக் கேட்டால், அதற்கு எத்தனை வண்டி தொழுவுரம் வேண்டும், மேலுரம் எப்பொழுது இடவேண்டும், இலை மஞ்சளித்தால் மண்ணில் என்ன குறை என்பவற்றையெல்லாம் தயக்கமின்றிச் சொல்லுவார். வீட்டுப் பசு சினையாக இருக்குங்கால் பிண்ணாக்கும் தவிடும் எவ்வளவு கூட்டிவைக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். அதே வீட்டில் கருவுற்றிருக்கும் மருமகளுக்கு என்ன உணவு கூட்டிக் கொடுக்கப்படுகிறது என்று கேட்டால், "எல்லோரும் சாப்பிடுவதைத்தான் அவளும் சாப்பிடுகிறாள்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. ஊர்தோறும் சென்றுவருகையில் இவ்விடையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பயிருக்கும் கால்நடைக்கும் நாம் காட்டும் இந்த அறிவை மனித உடலுக்கும் காட்டுவதெப்படி என்பதே இக்கட்டுரையில் எடுத்துக்கொண்ட பொருள்.

இதில் அவசரம் என்ன என்று சிலர் கேட்கலாம். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இக்குறை காணப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நால்வரில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை. பஞ்சம் என்ற சொல்லை மறந்து பல்லாண்டுகள் ஆன நாட்டில், நியாயவிலைக் கடையில் அரிசி தவறாமல் கிடைக்கும் ஊர்களில் இருக்கும் நிலைமை இது. பசி தீர்ந்துவிட்டது, ஆனால் உடலின் தேவை தீரவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதை நாம் முதலில் மனத்தில் கொள்ளவேண்டும்.

உணவு செய்யும் மூன்று வேலைகள்

உடலுக்கு உணவு மூன்று வகையில் உதவுகிறது. அடுப்புக்கு விறகு போல உழைப்புக்கு வேண்டிய சக்தியைத் தருவது ஒன்று. தசை, எலும்பு, இரத்தம் ஆகியவற்றைக் கட்டியமைத்து, தேய்ந்தவற்றைப் புதுப்பிப்பது மற்றொன்று. இவ்வேலைகள் ஒழுங்காக நடைபெறவும் நோய் அணுகாமல் இருக்கவும் துணை நிற்பது மூன்றாவது.

சக்தியைத் தருபவை பெரும்பாலும் அரிசி, கோதுமை, கம்பு, கிழங்கு, சர்க்கரை முதலியவற்றிலுள்ள மாவுச்சத்தும், எண்ணெய், நெய் முதலியவற்றிலுள்ள கொழுப்புச்சத்தும் ஆகும். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும். அதே எடைக் கொழுப்பு 9 கலோரி தரும். ஓரளவு உடலுழைப்புள்ள ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 கலோரியும், அத்தகைய பெண்ணுக்கு 2,100 கலோரியும் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வரையறுத்திருக்கிறது. நாற்று நடுபவருக்கும் மண் வெட்டுபவருக்கும் இன்னும் கூடுதலாக வேண்டும். நாற்காலியில் அமர்ந்து கோப்புப் பார்க்கும் எம் போன்றோருக்குக் குறைவாகவே போதும். எனினும் உண்பதில் நாங்கள் அந்தக் குறைவைக் கடைப்பிடிப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உடலைக் கட்டுவது புரதச்சத்து. பருப்பு, பயறு, நிலக்கடலை, பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் அது மிகுதி. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைந்த அளவு, அதாவது 65 கிலோ எடையுள்ள ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதம் தேவை. மூன்றாவது வேலைக்குரியவை சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து, அயோடின் போன்ற தாது உப்புக்களும் வைட்டமின்களும். இவை மிகச் சிறு அளவில்தான் தேவைப்படுகின்றன. ஆயினும், வண்டிச் சக்கரத்தின் கடையாணி சிறியது என்பதற்காக அதை விட்டுவிட்டு யாரும் வண்டி ஓட்டுவதில்லை அன்றோ?

அரிசியின் கணக்கு

நம் மக்களின் இலையில் பெரும்பகுதி இடத்தை அரிசிச் சோறு பிடித்துக்கொள்கிறது. அரை கிலோ அரிசியைச் சோறாக்கி ஒருவர் ஒரு நாளில் உண்டால் ஏறக்குறைய 1,750 கலோரி கிடைத்துவிடும். வயிறும் நிறைந்துவிடும். அதிலிருந்து கிடைக்கும் புரதமோ 40 கிராம்தான். அந்த நாற்பதும் முழுமையானதன்று. புரதம் என்பது பல்வேறு அமினோ அமிலங்களால் ஆன கட்டுமானப் பொருள். அவற்றுள் லைசின் என்பது அரிசியில் குறைவு. செங்கல் எவ்வளவு இருந்தாலும் சுண்ணாம்பு குறைந்தால் சுவர் எழும்பாதது போல, ஒன்று குறைந்தால் மற்றவையும் முழுப்பயன் தாரா. பருப்பு வகைகளில் லைசின் நிறைய உண்டு. அவற்றில் குறையும் மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஆகவே அரிசியும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்பது நல்ல விகிதம். இட்லியும் வெண்பொங்கலும் அடையும் இந்த விஞ்ஞானம் பிறப்பதற்கு முன்பே நம் அடுக்களையில் பிறந்தவை. ஆனால் இன்று பல வீடுகளின் சாம்பாரில் பருப்பைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. புளியும் மிளகாயும் சோற்றை உள்ளே தள்ள உதவுமேயன்றி, தசையை வளர்க்க உதவா.

அரிசியைப் பற்றிய மற்றொரு செய்தி ஒரு பெரிய கண்டுபிடிப்போடு தொடர்புடையது. 1890-களில் ஜாவாத் தீவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி என்னும் நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கால்கள் வலுவிழந்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து மக்கள் மாண்டுபோன நோய் அது. அவர் வளர்த்த கோழிகளுக்கும் அதே போன்ற வாதம் கண்டது. மருத்துவமனைச் சமையலறையின் தீட்டிய வெள்ளைச் சோற்றைத் தின்னும் காலத்தில் கோழிகள் நோயுற்றன. தீட்டாத அரிசிக்கு மாறியதும் தேறின. நோயைப் பரப்பும் கிருமியைத் தேடியவர்கள், நோயைத் தடுக்கும் பொருள் தவிட்டில் இருப்பதை இவ்வாறு அறியலாயினர். 1912-இல் காசிமிர் ஃபங்க் என்பவர் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். ஐக்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த ஆராய்ச்சியின் இந்தியக் கிளை நம் நீலகிரியில்தான் வேரூன்றியது. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில், ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவரின் பொறுப்பில், பெரிபெரி பற்றிய விசாரணை தொடங்கியது. பத்தாண்டுகளில் அது ஊட்டச்சத்து ஆராய்ச்சிச் சாலையாக வளர்ந்தது. 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் விளங்குகிறது. 1960-களில் அதன் தலைவராக இருந்த டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர்.

குன்னூரில் மக்காரிசன் செய்த ஒரு சோதனையை நம் ஊர் மன்றங்களில் எடுத்துச் சொல்லலாம். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை வெவ்வேறு எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை அவர் ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி என்று அமைந்த சீக்கியர் உணவை உண்டவை நன்கு கொழுத்து வளர்ந்தன. தீட்டிய அரிசி மிகுந்தும் பாலும் பருப்பும் காய்கறியும் சொற்பமாகவும் அமைந்த சென்னை மாகாணத்து ஏழை உணவை உண்டவை மிகவும் பின்தங்கின. இதைக் கேட்டுவிட்டுச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறவேண்டும் என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியன்று. இரண்டு உணவுகளுக்கும் இடையே இருந்த பெரிய வேற்றுமை, தானியத்துக்கு அருகில் என்ன வைக்கப்பட்டது என்பதே.

அரிசியைப் பொறுத்தவரை நம் முன்னோர் ஒரு நல்ல காரியம் செய்து வைத்திருந்தனர். நெல்லை ஊறவைத்துப் புழுக்கி, உலர்த்திப் பின்னர் குத்தினர். அப்படிப் புழுக்கும்போது தவிட்டோரம் இருக்கும் பி-1 வைட்டமினில் ஒரு பகுதி மணியின் உட்புறத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆலையில் தீட்டினாலும் முழுதும் போய்விடுவதில்லை. பழைய சென்னை மாகாணத்தில் பச்சரிசி உண்ட வடகடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி பரவியிருந்த காலத்திலும், புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் அந்நோயிலிருந்து தப்பியதற்கு இதுவே காரணம். இன்று கண்ணாடி போல மின்னும் அரிசிக்குச் சந்தையில் விலை அதிகம். அதைப் பலமுறை தேய்த்துக் கழுவி, நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்துக் கொட்டினால் மிஞ்சிய பி வைட்டமினும் நீரோடு போகிறது. தவிடும் கழுநீரும் கஞ்சியும் தொழுவத்துக்குச் செல்லுகின்றன. நம் வீட்டு மாடுகள் இவ்விஷயத்தில் நம்மைவிடக் கொடுத்துவைத்தவை. கழுவுவதை ஒரு முறை இரு முறையோடு நிறுத்துவதும், வடித்த கஞ்சியைக் குழம்பிலோ மோரிலோ சேர்த்துக்கொள்வதும் செலவில்லாத காரியங்கள்.

கம்பு, கேழ்வரகு, சோளம், சாமை, தினை ஆகியவற்றை ஏழை உணவு என்று ஒதுக்கியதால் நாம் இழந்தது சிறிதன்று. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து உண்டு. நம் வழக்கத்திலுள்ள வேறெந்தத் தானியத்திலும் இதற்கு அருகில் வரும் அளவு இல்லை. நூறு கிராம் கம்பில் இரும்புச்சத்து ஆறு மில்லிகிராமுக்கு மேல். தீட்டிய அரிசியிலோ ஒரு மில்லிகிராமும் இல்லை. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அவ்வாண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் நியாயவிலைக் கடைகள் வழியே கேழ்வரகு வழங்கும் முயற்சியும் தொடங்கப்பெற்றது. நகரத்துக் கடைகளில் சிறுதானியம் அரிசியை விட விலை உயர்ந்து நிற்பதைக் காணும்போது, நம் பாட்டிமார் சிரிப்பார்கள் என்றே தோன்றுகிறது. மானாவாரி நிலமுள்ள விவசாயிகள் விற்பனைக்கு எதைப் பயிரிட்டாலும், வீட்டுக்கென்று கால் ஏக்கரில் கம்போ கேழ்வரகோ போடுவது நலம்.

கடைசியில் உண்பவர்

இனி, நாம் மிகவும் கவலைப்பட வேண்டிய விஷயத்துக்கு வருவோம். இரத்தத்திலுள்ள சிவப்புப் பொருளாகிய ஹீமோகுளோபின், நுரையீரலிலிருந்து பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்லுகிறது. அது உண்டாவதற்கு இரும்புச்சத்து வேண்டும். அது குறைந்தால் இளைப்பு, தலைசுற்றல், நெஞ்சுப் படபடப்பு, எந்நேரமும் அயர்வு ஆகியவை தோன்றும். இரத்தசோகையுள்ள பெண்ணைச் சோம்பேறி என்று வீட்டார் ஏசுவது நாம் நேரில் கண்ட ஒன்று. மாதவிடாயில் மாதந்தோறும் இரத்தம் இழக்கும் பெண்ணுக்கு இரும்புச்சத்து நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும். ஆணுக்கு 19 போதும். அதாவது, உடல் சிறிதாக இருந்தும் பெண்ணின் தேவை பெரிது. ஆனால் நம் குடும்பங்களில் நடப்பது யாது? ஆண்களும் பிள்ளைகளும் உண்ட பிறகு, பானையின் அடியிலுள்ள சோறும், பருப்பெல்லாம் அள்ளப்பட்ட குழம்பின் தெளிவும் பெண்ணுக்கு வந்து சேருகின்றன. மீன் வாங்கிய நாளில் அவளுக்கு மீன் குழம்பு கிடைக்கும். மீன் துண்டு கிடைப்பது அரிது. தேவை அதிகமாக உள்ளவருக்குப் பங்கு குறைவு. இது வறுமையால் மட்டும் நேர்வதன்று. வசதியுள்ள வீடுகளிலும் பந்தி இவ்வாறே நடக்கிறது.

கருவுற்ற பெண்ணுக்கு ஹீமோகுளோபின் அளவு 11-க்குக் குறைந்தால் அது இரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் கடுமையானது. பிரசவத்தில் ஏற்படும் இரத்தப்போக்கை மற்றவர் தாங்குவது போல அவரால் தாங்க இயலாது. உயிருக்கே ஆபத்து நேரும். தாய் பிழைத்தாலும் குழந்தை உரிய காலத்துக்கு முன்னரோ, இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த எடையிலோ பிறக்கக்கூடும். எடை குறைந்து பிறந்த பெண் குழந்தை சோகையோடு வளர்ந்து, இளம் வயதில் மணமாகி, அவளும் எடை குறைந்த குழந்தையையே ஈன்றெடுக்கிறாள். கடன் போல இது தலைமுறை தலைமுறையாகத் தொடருகிறது.

இதற்குச் செய்யவேண்டுவன பல. முருங்கைக்கீரை, அரைக்கீரை, கம்பு, எள், பயறு, காராமணி, பேரீச்சம்பழம் ஆகியவற்றில் இரும்புச்சத்து உண்டு. மீன், முட்டை, ஆட்டு ஈரல் உண்பவர்களுக்கு இன்னும் நல்லது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பு உடலில் எளிதாகச் சேருகிறது. தாவர உணவிலுள்ள இரும்பு அவ்வளவு எளிதில் சேருவதில்லை. அதற்கு ஒரு துணை வேண்டும். அத்துணை சி வைட்டமின். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, தக்காளி, பச்சைக் கொத்தமல்லி ஆகியவற்றில் அது கிடைக்கும். கீரையைக் கடைந்து இறக்கியபின் எலுமிச்சைச் சாறு பிழிவது, சோற்றோடு ஒரு நெல்லிக்காய் வைத்துக்கொள்வது போன்ற சிறு செயல்கள் பெரும்பயன் தருவன. கொய்யாவில் ஆரஞ்சுப் பழத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் சி வைட்டமின் இருக்கிறது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் மலை ஆப்பிளை வாங்கிக்கொண்டு, வேலியோரக் கொய்யாவை அணிலுக்கு விட்டுச் செல்லுகிறார்கள்!

அதேபோல் தடையாக நிற்பவையும் உண்டு. உணவோடும் உணவு முடிந்தவுடனும் அருந்தும் தேநீர், காப்பி இரும்பைச் சேரவொட்டாமல் செய்கின்றன. தேநீர் வேண்டுமானால் உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விட்டு அருந்தலாம். தானியங்களிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருளும் இரும்பைப் பற்றிப் பிடித்துக்கொள்ளும். ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகிய முறைகளால் அதன் பிடி தளர்கிறது. இரவெல்லாம் புளித்த கம்பங்கூழைக் காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடித்த பழக்கம் எவ்வளவு பொருத்தமானது என்பதை இதனால் அறியலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். சோகை முற்றிய பெண்ணுக்குக் கீரை மட்டும் போதாது. துணைச் சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரப்படும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையைக் கர்ப்ப காலத்தில் குறைந்தது 180 நாட்களும், பிள்ளை பெற்றபின் 180 நாட்களும் உட்கொள்ள வேண்டும். பல வீடுகளில் இம்மாத்திரைகள் பரணில் கிடக்கின்றன. குமட்டுகிறது என்பது ஒரு காரணம். மலம் கறுத்துப் போவதைக் கண்டு அஞ்சுவது இரண்டாவது. பிள்ளை பருத்துவிடும், பிரசவம் கடினமாகும் என்ற பெரியவர்களின் பேச்சு மூன்றாவது. மலம் கறுப்பது உடலில் சேராத இரும்பினால். அதனால் ஒரு தீங்கும் இல்லை. குமட்டுபவர் இரவு உணவுக்குப்பின் மாத்திரையை விழுங்கிப் படுத்துவிடலாம். பிரசவத்தைக் கடினமாக்குவது பருத்த பிள்ளையைவிடத் தாயின் சோகையே என்பதை மாமியார்மார் உணர்ந்தால் பாதி வேலை முடிந்துவிடும். வீட்டில் அவர்கள் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு எந்த அலுவலரின் சொல்லுக்கும் இல்லை.

மற்றொரு காரணம் வயலிலேயே இருக்கிறது. வெறுங்காலோடு திறந்த வெளியில் மலங்கழித்த மண்ணில் நடப்பவரின் பாதத் தோல் வழியே கொக்கிப்புழு நுழைகிறது; குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. எவ்வளவு கீரை தின்றும் சோகை தீராதவர்களுக்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 முதல் நடைபெற்றுவருகிறது. அன்று பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிள்ளைகளுக்கு மாத்திரை வழங்கப்படுகிறது. செருப்பும் கழிப்பிடமும் ஊட்டச்சத்தைச் சேர்ந்த விஷயங்களே என்று சொன்னால் வியப்பாக இருக்கலாம், உண்மை அதுதான்.

முதல் ஆயிரம் நாட்கள்

கருவான நாள் முதல் இரண்டு வயது நிறையும் வரை உள்ள ஏறக்குறைய ஆயிரம் நாட்களில்தான் மனித மூளையின் வளர்ச்சி மிக வேகமாக நடைபெறுகிறது. இக்காலத்தில் தவறவிட்ட உயரத்தைப் பின்னர் எவ்வளவு ஊட்டினாலும் முழுதும் மீட்க முடிவதில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கவேண்டும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது பிள்ளைக்குக் கிடைத்த முதல் தடுப்பு மருந்தைக் கொட்டுவதாகும். சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப் பாலும் வேண்டா. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீரும் தேவையில்லை.

ஆறு மாதம் முடிந்தபின் தாய்ப்பாலோடு வேறு உணவும் தொடங்கவேண்டும். தவறு பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கிறது. குழந்தையின் இரைப்பை சிறியது. நாம் கொடுப்பதோ நீர்த்த கஞ்சி. வயிறு நிரம்புகிறது, சத்து இறங்குவதில்லை. குழைந்த சோற்றில் பருப்பை மசித்து, ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டு, கரண்டியிலிருந்து வழிந்தோடாத பதத்தில் ஊட்டவேண்டும். கீரை, கிழங்கு, வாழைப்பழம், முட்டை ஆகியவற்றைப் படிப்படியாகச் சேர்க்கலாம். ஒரு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களைப் போல மூன்று வேளை போதாது. நான்கைந்து முறை சிறுகச் சிறுகக் கொடுக்கவேண்டும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவு அப்பிள்ளைக்குரியது. அதை வீட்டில் எல்லோரும் பங்கிட்டு உண்பதும், சில இடங்களில் ஆட்டுக்குட்டிக்குக் கரைத்து வைப்பதும் வருந்தத்தக்கவை. கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து அழுகையை அடக்குகிறோம். அதிலுள்ள உப்பும் மாவும் எண்ணெயும் அடுத்த வேளைப் பசியையும் அடக்கிவிடுகின்றன.

வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தையைப் பட்டினி போடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஓட்டைப் பானையில் நீர் ஊற்றாமல் விட்டால் பானை காய்ந்துதானே போகும்? உப்புச் சர்க்கரைக் கரைசலும் தாய்ப்பாலும் மென்மையான உணவும் இடைவிடாமல் கொடுக்கவேண்டும். மருத்துவரிடம் காட்டித் துத்தநாக மாத்திரையும் பெறவேண்டும்.

பிள்ளை சரியாக வளருகிறதா என்பதைக் கண் சொல்லாது; தராசுதான் சொல்லும். பிறந்த எடை ஐந்தாறு மாதத்தில் இரட்டிக்க வேண்டும். ஓராண்டில் மும்மடங்காக வேண்டும். எடை கூடாமல் ஒரே இடத்தில் இரண்டு மாதம் நின்றாலே ஏதோ குறை என்று பொருள். 1980-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை தேங்கியவர்களுக்கு மட்டும் சில மாதங்கள் கூடுதல் உணவு கொடுத்து, தாய்க்கும் விளக்கிச் சொன்னார்கள். பிற நாட்டினரும் வந்து பார்த்துச் சென்ற திட்டம் அது. பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிப்பதில் நம் மாநிலத்தின் வரலாறு இன்னும் நீண்டது. 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவாக விரிந்து, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாகி, 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. ஆயினும் பள்ளியில் சேரும் வயதுக்கு முன்னரே ஆயிரம் நாட்கள் கடந்துவிடுகின்றன. அந்த நாட்களுக்குப் பொறுப்பு வீடும் அங்கன்வாடியும்தான்.

விற்பதும் உண்பதும்

உழவர் குடும்பங்களில் ஒரு வியப்பைக் காண்கிறோம். பால் முழுவதும் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிறது. வீட்டுப் பிள்ளைக்குக் கறுப்புத் தேநீர் கிடைக்கிறது. நாட்டுக்கோழி முட்டை சந்தைக்குப் போகிறது. நிலக்கடலை மூட்டை மூட்டையாக ஏறுகிறது. அந்தப் பணத்தில் பிஸ்கோத்து வாங்கப்படுகிறது. நூறு கிராம் நிலக்கடலையில் 24 கிராம் புரதம் இருக்கிறது! பணத்தேவையை நாம் அறியாதவரல்லர். கடனும் கல்விச் செலவும் காத்திருக்கையில் பாலை விற்காதே என்று சொல்ல எமக்கு உரிமையில்லை. ஆனால் ஐந்து லிட்டர் ஊற்றும் வீட்டில் அரை லிட்டரை நிறுத்திவைத்தால் குறையும் வருவாய் எவ்வளவு என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். விதைநெல்லை எடுத்துவைத்த பிறகுதானே மிச்சத்தை விற்கிறோம்?

மற்றொரு பக்கத்தையும் சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும். அதே தேசிய ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடையுடன் இருந்தனர். ஒரே பெண் பருத்தும் இருக்கலாம், இரத்தசோகையோடும் இருக்கலாம். சோறும் எண்ணெயும் சர்க்கரையும் மிகுந்து, பருப்பும் கீரையும் குறைந்தால் இந்நிலை வரும். ஏர் உழுத காலத்துச் சோற்றளவை டிராக்டர் வந்தபின்னும் மாற்றாத ஆண்களுக்கும் நீரிழிவு வருகிறது. உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கு மேற்படாமலும், அயோடின் சேர்த்த உப்பாகவும் இருக்கட்டும். அதைத் திறந்த சாடியில் அடுப்பருகே வைத்தால் அயோடின் குறைந்துவிடும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

உணவு அவரவர் வீட்டு விஷயம், இதில் பஞ்சாயத்துக்கு என்ன வேலை என்று ஓர் அங்கத்தினர் எம்மிடம் கேட்டார். குடிநீர்த் தொட்டியை மாதத்தில் இருமுறை கழுவிக் குளோரின் இடுவது பஞ்சாயத்தின் வேலை. நீர் கெட்டால் வயிற்றுப்போக்கு. வயிற்றுப்போக்கு வந்தால் உண்ட சத்தெல்லாம் வீண். அங்கன்வாடிக் கூரை ஒழுகினால் சத்துமாவு நனைந்து பூசணம் பிடிக்கும். தராசு பழுதானால் எடை பார்ப்பது நின்றுவிடும். ஆண்டில் ஆறு நாட்கள் கூடும் கிராம சபையில் சாலையைப் பற்றியும் தெருவிளக்கைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிறோம். இம்மாதம் ஊரில் எத்தனை குழந்தைகளை நிறுத்தோம், எத்தனை பேர் எடை தேங்கி நிற்கிறார்கள், கருவுற்ற பெண்களில் எத்தனை பேருக்கு இரத்தம் சோதிக்கப்பட்டது என்ற மூன்று எண்களை அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும் படித்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். பெயர்களைச் சபையில் படிக்கவேண்டா, எண்களே போதும். மூன்று கூட்டங்களில் தொடர்ந்து கேட்டால் நான்காம் கூட்டத்தில் எண்ணே மாறிவரும் என்பது எம் எதிர்பார்ப்பு.

இன்னொன்று தோட்டம். ஒரு சென்ட் இடமும் வீட்டில் பாத்திரம் துலக்கிய நீரும் போதும். வாய்க்காலின் ஓரமாக இரண்டு பப்பாளி, ஒரு கறிவேப்பிலை; பாத்திகளில் அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை ஆகியவற்றைப் பதினைந்து நாள் இடைவெளியில் மாற்றி மாற்றி விதைத்தால் வாரத்துக்கு மூன்று நாள் கீரைக்குக் குறைவிராது. பந்தலில் அவரையும் பாகலும் ஏறட்டும். மஞ்சள் நிறப் பழங்களிலும் கீரைகளிலும் உள்ள சத்து உடலில் ஏ வைட்டமினாக மாறிக் குழந்தைகளை மாலைக்கண்ணிலிருந்து காக்கும். அது சேருவதற்குச் சிறிது எண்ணெய் வேண்டும் என்பதால் கீரையைத் தாளித்தே உண்பது நல்லது. முருங்கைக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 என்ற செடிமுருங்கை ஏற்றது. விதையிட்ட ஆறு மாதத்தில் காய்க்கும். விதையை முந்திய இரவு ஊறவைத்து, ஒன்றரை அடிக் குழியில் தொழுவுரம் கலந்த மண்ணை நிரப்பி இரண்டு விதை ஊன்றி, வளர்ந்தபின் நல்லதொன்றை விடவேண்டும். இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். ஏணி வைக்காமல் கைக்கெட்டும் உயரத்திலேயே இலை பறிக்கலாம். வேர்ப்பகுதியில் நீர் தேங்கக்கூடாது. அதனால் துலக்கும் தொட்டியை ஒட்டி நடாமல் நான்கடி தள்ளி மேட்டுப்பாங்கான இடத்தில் நடுவது நல்லது.